ஒரு கணனி, இரண்டு கணக்கு: கணவன் மனைவிக்கு எந்த வழி சரிவரும்?

களுவாஞ்சிகுடியில் ஓர் ஆசிரியை. தரம் 10 தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிப்பவர். அவருடைய மகன் படிப்பதும் அதே பாடசாலை, அதே தரம் 10. கணவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். உதவி பெறும் குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் எல்லாம் அவரிடம் எக்செல் தாளில் இருக்கின்றன. மூவருக்கும் ஒரே லெப்டொப், ஒரே பாஸ்வேர்ட். அதைத் திருத்தக் கொண்டுவந்த அன்று, கணவர் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருக்க, ஆசிரியை மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, இதைப் பிரிக்க ஏலுமா? பிரிச்சா அவர் ஒரு மாதிரி நினைப்பாரோ தெரியா."

மட்டக்களப்புக் கல்லடியில் கணனி திருத்துவதும் படிப்பிப்பதும் என் தொழில். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும், இதே தயக்கத்தோடுதான் வரும். வீட்டு அலுமாரியில் மனைவிக்கு ஒரு தட்டு, கணவனுக்கு ஒரு தட்டு இருக்கிறது. அதை யாரும் பிணக்கு என்று சொல்வதில்லை. அந்த ஆசிரியைக்குக் கணவரிடம் ஒளிக்க எதுவும் இல்லை. வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சையைத்தான் அவர் காக்கப் பார்த்தார். கணவர் கையிலிருக்கும் பட்டியலும் அப்படித்தான், ஊர்ச் சனத்தின் விவரம் அது. தனிநபர் தரவுகளைக் காக்க இலங்கையில் 2022இலேயே 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிவிட்டது. ஆகவே பிரிப்பதா வேண்டாமா என்பதைவிட, எந்த அளவுக்குப் பிரிப்பது என்று யோசிப்பதுதான் பிரயோசனம்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. ஒருவருடைய வேலை மற்றவருடைய பெயரில் போய்விடுமா? மின்னஞ்சல், சூம் வகுப்பு, கூகுள் படிவம் எல்லாம் இதில் அடங்கும்.
2. ஒருவர் அழித்தால் மற்றவருடையதும் அழியுமா?
3. கணனி தாங்குமா? 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள கணனிக்கும், 8 ஜிபியும், வேகமான புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியும் உள்ளதற்கும் ஒரே பதில் இல்லை.
4. டேட்டாவும் கரண்டும். ஒரே பைலை இரண்டு கணக்கும் தனித்தனியே இறக்கினால் டேட்டா இரண்டு மடங்கு போகும். மார்கழி மழையில் கரண்ட் போனால் சேமிக்காத வேலை போகும்.
5. ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் தேவையான கடதாசியை எடுக்க முடியுமா? பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் நான் இதை விடாமல் கேட்பேன்.

## வழி 1: ஒரே லொகின், ஒரே பிரவுசர்

பெரும்பாலான வீடுகளில் இப்போது இருப்பது இதுதான். கணனியைத் திறந்தால் நேரே டெஸ்க்டொப். ஜீமெயிலில் இரண்டு பேருடைய கணக்கும் திறந்தே இருக்கும், மூலையில் உள்ள படத்தை அழுத்தி மாறிக்கொள்ளலாம். ஒரு சதமும் செலவில்லை, பழக வேண்டியதும் இல்லை.

சிக்கல் மெதுவாகத்தான் தெரியவரும். முதலில் லொகின் செய்த கணக்கைத்தான் கூகுள் பொதுவாக முதற்கணக்காக எடுக்கும். பாடசாலை அனுப்பிய இணைப்பை மனைவி அழுத்தினால் அது கணவனின் கணக்கில் திறந்து, "அனுமதி இல்லை" என்று நிற்கும். ஒன்லைன் பயிற்சிக்கு மனைவி போனால் திரையில் கணவனின் பெயர், வரவும் அந்தப் பெயரில். குரோமில் யாருடைய கணக்கு இருக்கிறதோ, அதில்தான் பாஸ்வேர்ட்கள் போய்ச் சேரும்.

இரண்டாவது அளவுகோலில் இந்த வழி முற்றாகத் தோற்கிறது. அதை நான் என் வீட்டில் பட்டு அறிந்தேன்.

2021இல், கொரோனாவில் இருவரும் வீட்டுக்குள் இருந்த காலம். கணனியை முதலில் அமைத்தபோது மனைவியின் மைக்ரோசொஃப்ட் கணக்கைக் கொடுத்திருந்தோம். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று போல்டர்களும் மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போய்க்கொண்டிருந்தன. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. என் போனிலிருந்து இறக்கிய வீடியோக்களும் அதே பிக்சர்ஸுக்குள் இருந்ததால் அது நிறைந்து, தினமும் எச்சரிக்கை வந்தது. ஒரு மாலை நான் உட்கார்ந்து துப்புரவு செய்தேன். 'ஸ்கேன்' என்று ஒரு போல்டர். நான் ஸ்கேன் செய்து முடித்த பழைய பில்களாக இருக்கும் என்று நினைத்து அழித்தேன். எல்லா இடத்திலும் அழியும் என்று கணனி கேட்டது, சரி என்று கொடுத்தேன். இடம் வேண்டுமே என்று ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

அது பில் இல்லை. 2004இல் கடல் வந்தபோது மனைவியின் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. களுவாஞ்சிகுடியில் இருக்கும் பெரியம்மாவிடம் மிஞ்சியிருந்த 23 படங்களை அவள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அவளுடைய அம்மாவின் கலியாணப் படம் அதில் ஒன்று. ஓரம் மஞ்சளித்து, மூலையில் ஸ்டூடியோவின் முத்திரை பாதி அழிந்த படம்.

19 நாள் கழித்து, அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் படம் கேட்டு லண்டனிலிருந்து அவளுடைய தங்கச்சி கதைத்தாள். இவள் போனில் தேடினாள். இல்லை. கணனியில் தேடினாள். இல்லை. "நீங்க ஏதும் அழிச்சீங்களா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்டிரைவின் இணையப் பக்கத்தில் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் இருக்கிறது. தனிநபர் கணக்கில் அழித்த பைல் அங்கே 30 நாள் இருக்கும். 23 படங்களும் அங்கே கிடந்தன. இன்னும் 11 நாள் தாமதித்திருந்தால் அவை இல்லை. கூகுள் டிரைவிலும் அதே 30 நாள்தான். கூகுள் போட்டோஸில், மேலேற்றிய படம் 60 நாள் கிடக்கும். இந்த எண்களை என்னிடம் படிக்கும் எல்லோருக்கும் நான் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இந்த வழி யாருக்குச் சரி? கணனியில் படம் பார்ப்பதும் கரண்ட் பில் கட்டுவதும் மட்டுமே நடக்கும் வீட்டுக்கு. அங்கேயும் ஒன்டிரைவ் போல்டர்களைத் தானாகப் பிரதி எடுப்பதை (பெக்கப்) நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். நிறுத்தும்போது பைல் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவ் போல்டருக்குள்ளேயே சில நின்றுவிடும்.

## வழி 2: ஒரே லொகின், ஆளுக்கொரு குரோம் புரொபைல்

குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள வட்டத்தை அழுத்தி இன்னொரு புரொபைல் சேர்க்கலாம். எட்ஜிலும் உண்டு. ஆளுக்கொரு நிறம் கொடுத்து, கீழே டாஸ்க்பாரில் இரண்டு ஐகான்களைப் பதித்துவிடுங்கள். மனைவியுடையது பச்சை, கணவனுடையது நீலம். ஜீமெயில், புக்மார்க், பாஸ்வேர்ட், வாட்ஸ்அப் வெப் எல்லாம் தனித்தனி. கணனியிலிருந்து கணவனின் பெயரில் மனைவியின் மின்னஞ்சல் போகும் பிரச்சினை ஏறத்தாழ முடிந்தது. கணனிக்குப் பாரமும் அதிகம் இல்லை, ஒருவர் முடித்ததும் தன் ஜன்னலை மூடினால் போதும்.

ஆனால் இது திரைச்சீலைதான், கதவு இல்லை. புரொபைலுக்குப் பூட்டு கிடையாது. பச்சையை யார் அழுத்தினாலும் திறக்கும், மகனும் அழுத்தலாம். பிரவுசருக்கு வெளியே எதுவும் பிரியவில்லை: டவுன்லோட்ஸ் ஒன்று, டெஸ்க்டொப் ஒன்று, வேர்டில் கடைசியாகத் திறந்த பைல்களின் பட்டியல் ஒன்று. வினாத்தாளின் பெயர் அந்தப் பட்டியலில் மேலேயே நிற்கும். பிரவுசருக்கு வெளியே ஓர் இணைப்பை அழுத்தினால், கடைசியாகப் பாவித்த புரொபைலில் அது திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணையத்தில் சேமிக்கும் கிளவுட் செயலிகளில் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு விண்டோஸ் லொகினுக்குள் ஒன்டிரைவ் ஒரே ஒரு தனிநபர் கணக்கைத்தான் ஏற்கும். கூகுள் டிரைவ் செயலியில் ஒரே நேரத்தில் நான்கு கணக்குகள் வரை போடலாம். ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் ஒன்டிரைவை விட்டு கூகுள் டிரைவைப் பாவிப்பது சுகம்.

4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள், இருவரின் வேலையும் பெரும்பாலும் பிரவுசருக்குள். இந்த நான்கும் பொருந்தினால் இதையே எடுங்கள்.

## வழி 3: ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு

என் தெரிவு இது. மற்றவர்களின் கடதாசியைக் கையாளும் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால், வேறு வழியை நான் சொல்லமாட்டேன்.

செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் இன்னொரு யூசரைச் சேர்த்தால், அவருக்கென்று தனி டெஸ்க்டொப், தனி டொக்கியுமென்ட்ஸ், தனி ஒன்டிரைவ், தனி கூகுள் டிரைவ். ஒருவர் அழிப்பது மற்றவரின் போல்டரைத் தொடாது. சாதாரண யூசராக இருக்கும் மகனால் அம்மாவின் போல்டரைத் திறக்க முடியாது. எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிவிடும்.

இதற்கு மறைந்திருக்கும் செலவுகள் உண்டு, அவற்றை முதலிலேயே அறிந்துகொண்டால் நல்லது.

டி டிரைவ். எங்கள் ஊரில் கணனி வாங்கினால் கடைக்காரரே சி, டி என்று இரண்டாகப் பிரித்துத் தருவார், எல்லோரும் டியில்தான் சேமிப்பார்கள். யூசர் கணக்கைப் பிரித்தாலும் டி டிரைவ் சாதாரணமாக எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். வினாத்தாளை டியில் வைத்துக்கொண்டு கணக்கைப் பிரிப்பது, முன்கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து விட்ட மாதிரி.

பாமினி. இந்தத் தமிழ் எழுத்துருவைச் சும்மா இன்ஸ்டோல் செய்தால் இப்போதைய விண்டோஸில் அது அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் போகும். கணவனின் கணக்கில் பாமினி இருக்கும். மனைவி அதே கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், வைரஸ் என்று பயந்து என்னிடம் ஓடி வருவார்கள். வலப்பக்க கிளிக் செய்து, எல்லா யூசருக்கும் என்ற தெரிவில் போடுங்கள். தமிழ் விசைப்பலகையையும் ஒவ்வொரு கணக்கிலும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மாறுவதும் வெளியேறுவதும். 'சுவிட்ச் யூசர்' கொடுத்து மாறினால், முதல் ஆளின் வேலை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், ரேமையும் தின்னும். 4 ஜிபி கணனி அதில் மூச்சு வாங்கும். 'சைன் அவுட்' கொடுத்தால் கணனி இலேசாகும். ஆனால் பாதியில் நிற்கும் பதிவேற்றமும் அங்கேயே நின்றுவிடும், அடுத்த முறை அவர் வந்தால்தான் தொடரும். என் வீட்டில் வைத்திருக்கும் முறை: வேலையைச் சேமித்து, டிரைவின் ஐகானில் பதிவேற்றம் முடிந்ததா என்று பார்த்து, சைன் அவுட். பின்னால் ஓடுகிற கணக்கில் சேமிக்காத வேலை இருந்தால், கரண்ட் போகும்போது அது போனது மற்றவருக்குத் தெரியக்கூட வராது.

யார் அட்மின்? அட்மின் கணக்கு உள்ளவர் நினைத்தால் மற்றவரின் போல்டரைத் திறக்கலாம். செயலி போட வேண்டுமென்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். கணவன் அட்மின், மனைவி சாதாரண யூசர் என்று வைப்பதை நான் விரும்புவதில்லை. மூன்றாவதாக ஒரு அட்மின் கணக்கு உண்டாக்கி, அதன் பாஸ்வேர்ட் இருவருக்கும் தெரிந்திருக்க, அன்றாடம் பாவிக்கும் இரண்டு கணக்கும் சாதாரண யூசராக இருக்கட்டும். தெரியாமல் வைரஸ் நுழைவதும் இதனால் குறையும். கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வரும் பென்ட்ரைவ் என்ன கொண்டு வரும் என்று எங்களுக்குத் தெரியும்தானே.

48 இலக்க சாவி. புதிய லெப்டொப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக் குறியாக்கம் ஆகியிருக்கும். ஏதாவது பழுது பார்த்த பிறகோ, கணனியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸை மாற்றிய பிறகோ, சில வேளை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும், கணனியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் கிடக்கும். அக்கரைப்பற்றில் ஒரு தங்கச்சி, வீட்டில் இருந்து தையல் வேலை செய்பவர். கணவர் கட்டாரில். லெப்டொப் அவர் பெயரில் அமைத்தது. ஒருநாள் நீலத் திரை வந்து சாவி கேட்டது. கணவர் வேலைத்தளத்தில், போன் உள்ளே கொண்டுபோக முடியாத இடம். இரவு வரைக்கும் ஓடர்கள் அப்படியே நின்றன. இப்போது அந்த 48 இலக்கமும் ஒரு தாளில் அச்சடித்து, காணி உறுதி வைத்திருக்கும் உறைக்குள் இருக்கிறது. நீங்களும் அங்கே வையுங்கள்.

பொதுவான பைல்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உறுதியின் பிரதி, குடும்பப் படங்கள் இரண்டு பேருக்கும் வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே 'பப்ளிக்' என்றொரு போல்டர் இருக்கிறது, எல்லா யூசருக்கும் தெரியும். கிளவுடிலும் ஒரு போல்டரைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்படிப் பகிர்ந்தால், இரு கணக்கிலும் முழுப் பிரதியை இறக்காமல், திறக்கும்போது மட்டும் இறங்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் டேட்டாவும் இரட்டை, டிஸ்க் இடமும் இரட்டை.

## வழி 4: இருவருக்கும் ஒரே கிளவுட் கணக்கு

குடும்பத்துக்கென்று ஒரு ஜீமெயில், இருவர் போனிலும் அதுவே. மருதமுனையில் கைத்தறிப் புடவை விற்கும் ஒரு தம்பதி இப்படித்தான் நடத்துகிறார்கள். ஓடர் வந்தால் யார் கையில் போன் இருக்கிறதோ அவர் பதில் போடுவார். விலைப் பட்டியல் ஒன்று, படங்கள் ஒன்று. ஒரு தொழிலை இருவர் சேர்ந்து செய்யும்போது இதைவிட இலேசான வழி இல்லை.

ஆனால் தொழிலுக்கு மட்டும். தனிப்பட்ட மின்னஞ்சலும் வங்கியும் அரச அலுவல்களும் இதற்குள் வந்தால், உறுதிப்படுத்தும் குறி ஒருவருடைய போனுக்குப் போகும், மற்றவர் வீட்டில் காத்திருப்பார். இலவச இடமான 15 ஜிபி ஜீமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றும் படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்கின்றன. நிறைந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும்.

இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் கணக்கை ஒன்றாக்க நினைக்கிறவர்களுக்கு: கூகுள் வன் காசு கட்டி எடுத்தால் அந்த இடத்தைக் குடும்பத்தில் மேலும் ஐந்து பேருடன் பகிரலாம், அவரவர் பைல் அவரவருக்கே தெரியும். மைக்ரோசொஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டிபி. கணக்கை ஒன்றாக்காமலே செலவை ஒன்றாக்கலாம்.

## இன்னொரு கணனி வாங்கினால்?

ஒரே ஒரு நிலையில் மட்டும் சொல்வேன். மாலை 7 மணிக்கு மனைவிக்கு ஒன்லைன் வகுப்பு, அதே 7 மணிக்குக் கணவனுக்குக் கூட்டம். இதை எந்தக் கணக்குப் பிரிப்பும் தீர்க்காது. வாரத்தில் ஒருநாள்தான் மோதுகிறது என்றால் ஒருவர் போனில் சமாளிக்கலாம். தினமும் என்றால் பாவித்த லெப்டொப் ஒன்று பாருங்கள், ஆனால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது.

| | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| பெயர் மாறிப் போவது | அடிக்கடி | அரிது | இல்லை | ஒரே பெயர்தான் |
| ஒருவர் அழித்தால் | இருவருக்கும் போகும் | கணனியில் உள்ளது போகும் | மற்றவருக்குப் பாதிப்பில்லை | இருவருக்கும் போகும் |
| 4 ஜிபி கணனி | தாங்கும் | தாங்கும் | சைன் அவுட் செய்தால் தாங்கும் | தாங்கும் |
| டேட்டா | ஒரு மடங்கு | ஒரு மடங்கு | கவனிக்காவிட்டால் இரட்டை | ஒரு மடங்கு |
| ஒருவர் ஊரில் இல்லாதபோது | எல்லாம் திறந்திருக்கும் | எல்லாம் திறந்திருக்கும் | பொதுப் போல்டரும் சாவியும் வேண்டும் | போன் குறி சிக்கல் |

களுவாஞ்சிகுடி லெப்டொப்பில் எஸ்எஸ்டி இருந்தது, ரேம் 8 ஜிபி. வழி 3ஐ எடுத்தோம். கணவரையும் உள்ளே கூப்பிட்டு, மூவருக்கும் மூன்று கணக்கு, நான்காவதாக அட்மின். டியில் இருந்த வினாத்தாள்களையும் கணவரின் எக்செல் தாள்களையும் அவரவர் டொக்கியுமென்ட்ஸுக்கு மாற்றினோம். பாமினியை எல்லோருக்கும் போட்டோம். ஒன்றரை மணித்தியாலம் போனது, அதில் பாதி நேரம் பழைய ஜீமெயில் பாஸ்வேர்டை மீட்பதற்கு.

ஆசிரியை பயந்த மாதிரி கணவர் ஒன்றும் நினைக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப எங்கட கலியாண வீடியோ யாருட பக்கம் போகும்?"

பப்ளிக் போல்டரைத் திறந்து, முதலில் அதைத்தான் போட்டோம்.